அது கிடக்கட்டும், ஆரஞ்சு வந்தாச்சு

ஆல்டர் ஹில், லண்டன்
19 நவம்பர் 2023

அன்புள்ள ஹிலரி அவர்களுக்கு,

உறையின் பின்னால் என் பெயரைப் பார்த்தும் கிழித்துப் போடாமல் பிரித்திருக்கிறீர்கள் என்றால் அதற்கு நன்றி. போர்ச்சுகல் முகவரி, என் வெண்டி இறந்தபோது நீங்கள் அனுப்பிய அனுதாப அட்டையில் இருந்தது. கம்ப்யூட்டரில் எழுதினால் நமக்குள் சண்டைதான் வருகிறது. அதனால் பேனாவை எடுத்திருக்கிறேன். கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். நம் பேட்டையின் இணைய அரட்டைப் பக்கத்தை ஃபியோனா மூடப்போகிறாள். இத்தனை வருஷம் ஒரு காசு வாங்காமல் அதைக் கட்டி மேய்த்தவள், அலுத்துவிட்டாள். குறை சொல்ல முடியாது. இப்போது அங்கே யார் வருகிறார்கள்? போன வாரம் எட்டிப் பார்த்தேன். "தலைக்கு மேல ஹெலிகாப்டர் ஏன் சுத்துது, யாருக்காவது தெரியுமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். மூன்று நாளாகப் பதில் இல்லை. நம் காலத்தில் அந்தக் கேள்விக்கு அறுபது பதில் வரும், ஐம்பது புளுகாக இருக்கும். நரி குப்பையைக் கிளறியது, பேக்கரியில் ரொட்டி விலை, ஆமையைக் காணோம் என்ற அழுகை, எதற்கும் இப்போது ஆளில்லை.

ஜனவரி முப்பத்தொன்றாம் தேதி எல்லாவற்றையும் அழித்துவிடுவாளாம். நம் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே வந்த அதே தேதி. ஃபியோனாவுக்குக் குறும்பு அதிகம்.

நீங்கள் 2016 ஜூனில் தொடங்கிய பிரெக்ஸிட் விவாத இழை நினைவிருக்கும். மறந்திருக்க மாட்டீர்கள்; வெளியேற வேண்டும் என்று நான், கூடாது என்று நீங்கள். நீங்கள் போன பிறகு அதில் அடிதடி முற்றி, ஃபியோனா அதை யாரும் பார்க்க முடியாதபடி பூட்டி உள்ளே வைத்துவிட்டாள். வெண்டி எழுதியதெல்லாம் அந்த ஓர் இழையில்தான் இருக்கிறது. வேறெங்கும் அவள் எழுதவில்லை. ஒரு பிரதி கொடு என்று ஃபியோனாவிடம் கேட்டேன். "இழையைத் தொடங்கினவங்களுக்குத்தான் குடுப்பேன் நார்மன். விதி போட்டதே உங்களை மாதிரி ஆளுங்களுக்காகத்தான்" என்கிறாள்.

எனவே உங்களிடம் கேட்கிறேன். என் எழுத்தும் வேண்டாம், உங்கள் எழுத்தும் வேண்டாம். வெண்டி எழுதியது மட்டும் போதும். அவள் குரலைப் பதிவுசெய்து வைக்க எனக்குத் தோன்றவே இல்லை. மனைவி மாடியில்தான் இருக்கிறாளே, எதற்குப் பதிவு என்று இருந்துவிட்டேன். அந்த இழை போனால் அவள் பேச்சு எனக்கு இல்லை.

உங்கள் கணவர் ஜுவாக்கிமைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

நார்மன் ஸ்டப்ஸ்
(அரட்டையில் "பச்சைத்தொட்டி")


தவீரா, போர்ச்சுகல்
6 டிசம்பர் 2023

திரு. ஸ்டப்ஸ் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கிழித்துப் போடவில்லை. ஜுவாக்கிம்தான் முதலில் பார்த்தார். "பச்சைத்தொட்டி எழுதியிருக்கார்" என்று சொல்லி மேசைமேல் வைத்துவிட்டு, செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். கேட்டதாகச் சொல்லுங்கள் என்று கடைசியில் ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். அவரைப் பற்றி நீங்கள் கடைசியாக எழுதியது என்ன என்று நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது.

முப்பத்தெட்டு வருஷம் லண்டனில் பஸ் ஓட்டியவர். ஆல்டர் ஹில்லில் பாதிப் பேரைப் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோய் விட்டவர். பிரெக்ஸிட் வாக்கெடுப்புக்குப் பிறகு, போர்ச்சுகல்காரரான அவரிடம் அரசாங்கம், நீ இங்கேதான் வாழ்ந்தாயா, ஆதாரம் காட்டு என்று கேட்டபோது, சமையலறையில் உட்கார்ந்து பழைய சம்பளச் சீட்டுகளைத் தேடிக்கொண்டிருந்தார். அன்றைக்கு மனம் தாங்காமல் நான் அரட்டையில் எழுதினேன். அதற்கு நீங்கள் எழுதிய பதில்: "எதுக்குக் கவலை டீச்சர்? அப்படியே அனுப்பி வச்சாலும் மனுஷன் வெயில்ல கால் நீட்டிக் கிடப்பாரு. நாமதான் இங்க மழையில நனையணும்." கூடவே கண்ணடிக்கும் பொம்மை.

பதினாலு பேர் அதற்குச் சிரித்தார்கள். எல்லாரும் அவர் பஸ்ஸில் ஏறியவர்கள். நான் அன்றிரவே அரட்டையை விட்டு வெளியேறினேன். அதற்கு மறு வருஷம் ஊரை விட்டே வந்தோம். உங்களால் வந்தோம் என்று பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம். அவர் அக்காவுக்கு உடம்பு சரியில்லை. ஆனால் போகலாமா வேண்டாமா என்று இருந்தவர், போகலாம் என்று முடிவு செய்தது எப்போது என்று எனக்குத் தெரியும்.

வெண்டி போன செய்தி கேட்டு அட்டை போட்டேன். அதை எழுதுவது எனக்குச் சுலபமாக இருக்கவில்லை. ஒன்றரை வருஷமாக ஒரு வரி பதில் இல்லை. இப்போது ஒரு காரியம் ஆக வேண்டும் என்றதும் பேனா கிடைத்துவிட்டது.

யோசித்துச் சொல்கிறேன்.

ஹிலரி


ஆல்டர் ஹில்
17 டிசம்பர் 2023

ஹிலரி அவர்களுக்கு,

அது நகைச்சுவை. நான் அப்படித்தான் பேசுவேன். ஜுவாக்கிம் எதிரில் இருந்திருந்தால் அவரிடமே சொல்லியிருப்பேன், அவரும் பதிலுக்கு ஒன்று கொடுத்திருப்பார், இரண்டு பேரும் பியர் குடித்திருப்போம். பொம்மை போட்டேனே.

மேலே எழுதியதை இரண்டு நாள் கழித்துப் படித்துப் பார்க்கிறேன். "பொம்மை போட்டேனே" என்று ஒரு கிழவன் சொல்லிக்கொண்டிருப்பது எனக்கே நன்றாக இல்லை. அடிக்காமல் விடுகிறேன். அடித்தால் நீங்கள் வெளிச்சத்தில் பிடித்துப் படிப்பீர்கள், டீச்சர்.

அட்டைக்கு ஏன் பதில் போடவில்லை என்று கேட்டீர்கள். அதில் நீங்கள் நல்ல வார்த்தை எழுதியிருந்தீர்கள். அதுதான் சிக்கல். திட்டி எழுதியிருந்தால் அன்றைக்கே பதில் போட்டிருப்பேன். "வெண்டி இல்லாத தெருவை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை" என்று எழுதியிருந்தீர்கள். நான் அந்தத் தெருவில்தான் இருக்கிறேன். அதற்கு என்ன பதில் எழுதுவது?

தெருக்கதை சொல்கிறேன். வெண்டியின் ஜாடி வழக்கம் தெரியுமே. ஜனவரி பிறந்தால் ஆளாளுக்குக் காலி ஜாடிகளைக் கொண்டுவந்து எங்கள் வீட்டு முன்சுவரில் வைத்துவிட்டுப் போவார்கள். மாதக் கடைசியில் அவை ஆரஞ்சு மார்மலேட் ஜாம் நிரம்பி அதே சுவருக்கு வரும். யார் ஜாடி யாருடையது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவள் போன மறு ஜனவரி, நான் கதவைத் திறந்தால் சுவர் நிறைய ஜாடி. சிலருக்கு விஷயம் தெரியாது. சிலருக்குத் தெரிந்தும், நாம் வைக்காவிட்டால் கிழவன் வருத்தப்படுவான் என்று வைத்திருக்கிறார்கள். ஒருவரிடம் ஒருவர் கேட்டுக்கொள்வது நம் ஊர் வழக்கமில்லையே.

திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. கடைக்குப் போய்க் கசப்பு ஆரஞ்சு வாங்கி நானே காய்ச்சினேன். நாள் முழுக்க நின்றேன். உறையவே இல்லை. தண்ணியாக ஜாடியில் ஊற்றிச் சுவரில் வைத்தேன். எதிர்வீட்டு அம்மாள் வந்து, "ரொம்ப நல்லா இருந்துச்சு நார்மன், ஐஸ்க்ரீம் மேல ஊத்திச் சாப்பிட்டோம்" என்றாள். அதைவிட முகத்தில் அறைந்திருக்கலாம்.

எங்கே தப்பு செய்தேன் என்று தெரியவில்லை. வெண்டி அரட்டையில் யாருக்கோ செய்முறை சொன்னாள், அது மட்டும் நினைவிருக்கிறது. ஆனால் அதற்காக மட்டும் கேட்கவில்லை. ஜாம் கடையில் கிடைக்கும்.

அவள் மாடியில் உட்கார்ந்து எழுதுவாள், நான் கீழே. என் கம்ப்யூட்டர் டிங் என்று அடிக்கும். பார்த்தால் அவள்தான். படியில் நின்று கூப்பிட்டால் போதாதா என்று எரிச்சல்படுவேன். இப்போது வேறு எதற்கு டிங் அடித்தாலும் ஒரு நொடி மாடியைத்தான் பார்க்கிறேன்.

கேட்டுவிட்டேன். இனி உங்கள் இஷ்டம்.

நார்மன்


தவீரா
14 ஜனவரி 2024

நார்மன்,

ஃபியோனாவுக்கு எழுதினேன். அன்றைக்கே அனுப்பிவிட்டாள். "இதுக்காக நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டீங்களா? பக்கத்தை முன்னாடியே மூடியிருக்கலாம்" என்று ஒரு குறிப்பும் வைத்திருந்தாள்.

நீங்கள் கேட்டபடி வெண்டி எழுதியதை மட்டும் தனியாகப் பிரித்து எடுக்க உட்கார்ந்தேன். இரண்டு நாள் வேலை. எடுத்து முடித்து ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் படித்தால், ஒன்றுமே புரியவில்லை. சிலவற்றைப் பாருங்கள்:

"அது கிடக்கட்டும். கடையில மார்மலேட் ஆரஞ்சு வந்தாச்சு. ஜாடி கழுவி வைங்க."

"அது கிடக்கட்டும். நரி இன்னைக்கு யாரோ ஒரு ஆளோட செருப்பை எங்க தோட்டத்துல போட்டுட்டுப் போயிருக்கு. இடது கால். பத்து நம்பர்."

"அது கிடக்கட்டும். மீனவன் உரிமை பத்தி ஒன்றரை மணி நேரமா எழுதறவர், வெள்ளிக்கிழமை மீன் வாங்கிட்டு வர மறந்துட்டாரு. எங்களுக்கு இன்னைக்கு முட்டை."

எது கிடக்கட்டும்? அது தெரியாவிட்டால் இவற்றுக்கு உயிரே இல்லை. ஒவ்வொன்றுக்கும் மேலே என்ன இருக்கிறது என்று திரும்பப் போய்ப் பார்த்தேன். நீங்களும் நானும் இருக்கிறோம். நீங்கள் உங்கள் அப்பாவின் மீன்பிடிப் படகு, கிரிம்ஸ்பித் துறைமுகம், வாழ்நாள் முழுக்க லாரியில் மீன் ஏற்றிய கதை என்று ஆரம்பிப்பீர்கள். நான் புள்ளிவிவரத்தோடு வருவேன். நீங்கள் என்னைப் படித்த திமிர் என்பீர்கள். நான் உங்களைச் சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்லப்போவேன். சரியாக அந்த இடத்தில் வெண்டி நுழைவாள். ஒரு தடவைகூடத் தாமதமாக வரவில்லை, நார்மன். நாம் இரண்டு பேரும் எழுதுவதை அவள் ஒரு வரி விடாமல் படித்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

நாம் இரண்டு பேரும் அறிவாளிகள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

இன்னொன்று. 2018 நவம்பர். நான் எல்லைக் கோடு பற்றி நீளமாக எழுதியிருக்கிறேன். அதற்கு நீங்கள் அதைவிட நீளமாக. அதன்கீழ் வெண்டி: "அது கிடக்கட்டும். நார்மன், கீழ உருளைக்கிழங்கு தீயுது." எங்கள் வீட்டில் ஜுவாக்கிம் இதைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எப்போது வாக்குவாதம் வந்தாலும் "உருளைக்கிழங்கு தீயுது" என்றுதான் சொல்வோம். ஆல்டர் ஹில்லில் இருந்து நாங்கள் கொண்டுவந்த சாமான்களில் அதுவும் ஒன்று.

எனவே தனியாகப் பிரித்து அனுப்பப்போவதில்லை. நம் சண்டையோடு சேர்த்து முழு இழையையும் இந்தப் பொட்டலத்தில் வைத்திருக்கிறேன். அச்சுக்கடைப் பெண், "புத்தகமா?" என்று கேட்டாள். "பக்கத்து வீட்டுப் பேச்சு" என்றேன். 2019-இல் நீங்கள் ஜுவாக்கிமைப் பற்றி எழுதியதும் உள்ளே இருக்கிறது. எடுத்துவிட நினைத்தேன், எடுக்கவில்லை. அதன்கீழ் வெண்டி எழுதியதை அன்றைக்கு நான் பார்க்கவில்லை, அதற்குள் போய்விட்டேன். நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அவள் அன்றைக்கு மட்டும் "அது கிடக்கட்டும்" என்று ஆரம்பிக்கவில்லை.

இங்கே தெருவோரம் முழுக்கக் கசப்பு ஆரஞ்சு மரம்தான். பழுத்து நடைபாதையில் விழுந்து கிடக்கிறது, யாரும் தொடுவதில்லை. உங்களுக்கு ஒரு பெட்டி அனுப்பலாம் என்று தபால் நிலையத்தில் கேட்டேன். "இங்கிலாந்துக்கா? பழமா?" என்று அந்த மனிதர் என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முன்பென்றால் அனுப்பிப் பார்த்திருப்பேன். நான் எதுவும் சொல்லவில்லை, கவனியுங்கள்.

ஹிலரி


ஆல்டர் ஹில்
29 ஜனவரி 2024

ஹிலரிக்கு,

பொட்டலம் வந்தது. வந்த அன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை. படித்துக்கொண்டே இருந்தேன்.

எவ்வளவு பேசியிருக்கிறோம். நான் இவ்வளவு கத்தினேனா என்று இருக்கிறது. நீங்களும் சளைத்தவரில்லை. ஆனால் படிக்கப் படிக்கக் கோபம் வரவில்லை, அதுதான் ஆச்சரியம். குப்பை வண்டி வராத வாரம், பனி பெய்து பஸ் நின்ற வாரம், ஜுவாக்கிம் பஸ்ஸை நடுவழியில் நிறுத்தி அந்தத் தொலைந்த ஆமையை ரோட்டைக் கடத்திவிட்ட நாள், எல்லாம் நம் சண்டைக்கு நடுவில் கிடக்கிறது. அப்போதெல்லாம் காலையில் எழுந்தால் பதில் சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தது. நான் அந்த நாட்களில் சந்தோஷமாக இருந்திருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை.

பிறகு 2019-க்கு வந்தேன். என் பதில். கீழே பதினாலு சிரிப்பு. அதற்குக் கீழே அவள்:

"நார்மன், இது நல்லா இல்ல. நாளைக்குக் காலைல முதல் வேலையா அவங்க வீட்டுக் கதவைத் தட்டுங்க. கையில ஒரு ஜாடி கொண்டு போங்க."

நீங்கள் நினைத்தது சரி. நான் பார்க்கவில்லை. மீனைப் பற்றி வேறொருவனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். டிங் என்று அடித்திருக்கும். ஏன் அவள் நேரில் சொல்லவில்லை என்று யோசித்தேன். நான் படித்துவிட்டு வேண்டுமென்றே போகாமல் இருக்கிறேன் என்று நினைத்திருப்பாள். அந்த வாரம் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. முதுகுவலி என்று நினைத்தேன்.

இத்துடன் ஒரு பெட்டி தனியாக வருகிறது. அதில் ஒரு ஜாடி இருக்கிறது. அவள் கடைசி ஜனவரியில் காய்ச்சியது. அந்த வருஷத்து ஜாடி இதுதான் மிச்சம். நான் திறக்காமல் அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஜுவாக்கிமுக்கு. அவள் கொண்டுபோகச் சொன்னது. தாமதமாகிவிட்டது என்று சொல்லுங்கள். கதவுதான் கொஞ்சம் தூரம் போய்விட்டது.

சொல்ல மறந்தேன். செய்முறை அகப்பட்டது. 2017 பக்கங்களில், சுங்க வரி பற்றி நாம் அடித்துக்கொண்ட இடத்தில். "அது கிடக்கட்டும். கேட்டவங்களுக்கு: விதையைத் தூக்கி எறியாதீங்க, உறைய வைக்கறதே அதுதான். துணியில முடிஞ்சு பழத்தோட சேர்த்து வேக வைங்க." நான் அன்றைக்கு விதையையெல்லாம் பொறுக்கிப் பொறுக்கிக் குப்பைக்கான பச்சைத் தொட்டியில் போட்டேன். இந்தத் தடவை துணியில் முடிந்து போட்டேன். உறைந்துவிட்டது. கரண்டி நட்டுக்கொண்டு நிற்கிறது. நேற்று சுவரில் வைத்தேன், சாயங்காலத்துக்குள் எல்லா ஜாடியும் போய்விட்டது. ஐஸ்க்ரீம் பேச்சே இல்லை.

நாளை மறுநாள் அரட்டைப் பக்கம் மூடுகிறது. கடைசியாக ஒரு தடவை உள்ளே போய், "ஹெலிகாப்டர் ஏன் சுத்துது?" என்று கேட்டவருக்குப் பதில் போட்டேன். "ஆமையைத் தேடுது" என்று. யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்.

சரி. இதோடு முடிக்கலாம்தான். ஆனால் பழப்பெட்டி விஷயத்தை நீங்கள் சும்மா சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். நான் இன்னும் அப்படித்தான் வாக்களிப்பேன், டீச்சர். ஐரோப்பாவின் மீன்பிடி விதி என்று சொல்லி என் அப்பாவின் படகை உடைத்துப் போட்டதை நான் துறையில் நின்று பார்த்தவன். ஒரு பெட்டி ஆரஞ்சு வரவில்லை என்பதற்காக அது பொய்யாகிவிடாது. உங்களை மாதிரிப் படித்தவர்கள் ஒரு நாளாவது கிரிம்ஸ்பியில் குளிரில் நின்று மீன் பெட்டி தூக்கியிருந்தால்

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு மாடியைப் பார்த்தேன். வழக்கமாக இந்த இடத்தில்தான் அவள் வருவாள். வரவில்லை. வாக்கியத்தை எப்படி முடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அதுவரை போக அவள் விட்டதே இல்லை.

நார்மன்


தவீரா
12 பிப்ரவரி 2024

நார்மனுக்கு,

ஜாடி பத்திரமாக வந்தது. வந்தது என்று சுலபமாக எழுதிவிட்டேன். சுங்கத்திலிருந்து சீட்டு வந்து, ஜுவாக்கிம் ஒரு காலை முழுக்க வரிசையில் நின்று, அது என்ன, எதனால் செய்தது, விற்பனைக்கா என்று மூன்று பேருக்குப் பதில் சொல்லி, தீர்வையும் கட்டிவிட்டு வாங்கி வந்தார். வெண்டியின் மார்மலேடுக்குச் சுங்க வரி. வீட்டுக்கு வந்து ஜாடியை மேசைமேல் வைத்து, "முப்பத்தெட்டு வருஷம் சுவர்லேர்ந்து சும்மா எடுத்துட்டு வந்தேன்" என்றார். கோபமாகச் சொன்னாரா என்றால், இல்லை.

அன்றைக்குத் திறக்கவில்லை. மறுநாள் காலை அவரே ரொட்டி சுட்டு, மெல்லிசாகத் தடவி, வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டார். எதிரில் நடைபாதை முழுக்க அதே பழம் விழுந்து கிடக்கிறது. நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். வெண்டி சொன்ன வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அப்புறம், "பச்சைத்தொட்டிக்கு எழுது. நான் இங்க வெயில்ல கால் நீட்டித்தான் கிடக்கேன்னு சொல்லு. அவர் சொன்னது பலிச்சிருச்சு" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். பொம்மை போடாமலே நகைச்சுவை என்று தெரிகிற மாதிரி எப்படிச் சொல்வது என்று நீங்கள் அவரிடம் கற்றுக்கொள்ளலாம். ஏப்ரலில் வந்தால் மாடி அறை காலியாக இருக்கும் என்றும் சொன்னார். அழைப்பது அவர். நான் ஆட்சேபிக்கவில்லை.

பாதி ஜாடி மிச்சம் இருக்கிறது. நீங்கள் வரும்வரை தொடமாட்டோம்.

இனி உங்கள் பாதி வாக்கியத்துக்கு வருகிறேன். நான் மீன் பெட்டி தூக்கியதில்லைதான். ஆனால் உங்கள் அப்பாவின் படகை உடைத்தது எந்த வருஷம், அப்போது உத்தரவு போட்டது ஐரோப்பாவில் உட்கார்ந்திருந்தவர்களா, நம் லண்டனில் உட்கார்ந்திருந்தவர்களா என்று ஒரு நாளாவது சரியாகப் பார்த்தீர்களா? இதை 2017-இலேயே கேட்டேன், பதில் வரவில்லை, இப்போது கையில் பிரதி இருக்கிறது, பக்கம் புரட்டிப் பாருங்கள். கோபம் வந்தது ஓர் இடத்தில், அதைக் கொண்டுபோய்க் கொட்டியது வேறோர் இடத்தில். அதற்கு விலை கொடுத்தது பஸ் ஓட்டிய ஒரு மனிதர். இவ்வளவு நடந்த பிறகும் இன்னும் அப்படித்தான் வாக்களிப்பேன் என்று பேனா பிடித்து எழுதுகிற ஒருவரை நான் என்னவென்று சொல்ல, நார்மன், உங்களை மாதிரி ஒரு

அது கிடக்கட்டும்.

அடுப்புல என்ன வச்சிருக்கீங்க? போய்ப் பாருங்க.

ஹிலரி